மானேயின் கண்ணாடியும் இரண்டு மரப்பாச்சிகளும்

கடைசியில் என் கையில் மிஞ்சியது இரண்டு பச்சைக் கால்கள்தான். 1000 துண்டு ஜிக்சா புதிர், ஆறு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. லண்டனில் இருக்கும் நண்பன் ஊருக்கு வந்தபோது கொடுத்தது. படம், பிரெஞ்சு ஓவியர் எடுவார் மானே 1882இல் வரைந்த ‘ஃபோலி-பெர்ஜேரில் ஒரு மதுக்கடை’. அந்தப் பச்சைக் கால்கள் எங்கே போகும் என்று தெரியாமல் முழித்தேன். பெட்டி மூடியை உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: இடது மேல் மூலையில், சர்க்கஸில் பார் ஆடுகிற யாரோ ஒருவருடைய கால். பச்சைக் காலணி போட்ட இரண்டு கால்கள் மட்டும். உடம்பு சட்டத்துக்கு வெளியே. கீழே கூட்டம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அந்த வித்தையைப் பார்க்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

புதிர் முடிந்தது. ஆனால் வலது பக்கம் அடுக்கியபோதே ஒரு உறுத்தல் இருந்தது. நான் திருச்சியில் ஒரு சிவில் இன்ஜினியரிடம் வரைபடம் போடும் வேலையில் இருப்பவன். கோடு எங்கேயாவது பொருந்தாவிட்டால் தூக்கம் வராது.

உறுத்தல் இதுதான். நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். இரண்டு கையையும் பளிங்கு மேடையில் ஊன்றி, நேராக நம்மைப் பார்த்து. பெயர் ஸூஸோன், பாரிஸின் ஃபோலி-பெர்ஜேர் அரங்கில் நிஜமாகவே மதுக்கடையில் வேலை பார்த்தவள். அவளுக்குப் பின்னால் தெரியும் மாடம், கூட்டம், சரவிளக்கு, புகை எல்லாமே கண்ணாடியில் தெரியும் பிம்பம். அது கண்ணாடி என்பதற்கு அடையாளம், அவள் மணிக்கட்டு உயரத்தில் குறுக்கே ஓடும் தங்க நிறச் சட்டம் ஒன்றுதான். சரி, கண்ணாடி அவளுக்கு நேர் பின்னால் இருந்தால் அவளுடைய முதுகின் பிம்பம் அவளுக்குப் பின்னாலேயே மறைந்துபோக வேண்டும். இங்கே அது வலது பக்கம் நன்றாக விலகி நிற்கிறது. அதுவும் லேசாகக் குனிந்து, எதிரே நிற்கும் உயரத் தொப்பிக்காரர் ஒருவரிடம் பேசுகிற மாதிரி. அந்த ஆள் நேரில் எங்கே? அவளுக்கு எதிரே யாருமே இல்லை. நாம்தான் நிற்கிறோம்.

ஓவியத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் இதற்கு ஏகப்பட்ட விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். படம் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்ட 1882லேயே ‘மானேவுக்குக் கண்ணாடி எப்படி வேலை செய்யும் என்று தெரியவில்லை’ என்ற பேச்சு எழுந்துவிட்டது. எனக்கு விளக்கம் வேண்டாம், வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கண்ணாடி, பொம்மை, போன் கேமரா. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பொம்மைக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கொலுப் பெட்டியில் மரப்பாச்சி ஜோடி இருக்கிறது, செம்மரத்தில் கடைந்தது, 9 அங்குலம். ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஐந்தே கால் அடிப் பெண்ணை 9 அங்குலமாகச் சுருக்கினால் ஏழில் ஒரு பங்கு. அப்போது மேசையில் 10 செ.மீ. என்பது நிஜத்தில் 70 செ.மீ. கணக்கு சுலபமாகிவிட்டது. பெட்டியைத் திறக்க அம்மாவின் அனுமதி வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

“நவராத்திரிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, இப்ப எதுக்குடா அதுங்கள எழுப்புற?”

“ஒரு வாரம்தாம்மா. பத்திரமா வெச்சிருவேன்.”

“சாராயக் கடையில நிக்க வைக்கவா?”

புதிரை ஆறு வாரமும் அவளும் பார்த்திருக்கிறாள் அல்லவா. கடைசியில் கறுப்பு ரவிக்கைத் துணியில் மரப்பாச்சிக்கு அவளே சட்டை தைத்துக் கொடுத்தாள்; மேலாடையில் பொத்தான் வரிசை நேராக வர வேண்டும் என்று நான் சொன்னதற்காக வெள்ளை நூலில் எட்டு முடிச்சும் போட்டாள். அந்தப் பொத்தான் வரிசை முக்கியம். கழுத்தில் கறுப்பு நாடா, அதில் தொங்கும் பதக்கம், நெஞ்சில் சொருகிய பூங்கொத்து, அதற்குக் கீழே பொத்தான்கள். படத்தின் நட்ட நடுவில் ஒரு நூல் பிடித்த மாதிரி இறங்கும். ஊன்றிய இரண்டு கையும் சேர்ந்து ஒரு முக்கோணம். அவ்வளவு கறாரான சமச்சீர். அந்த நடுக்கோட்டுக்கு வலப்புறம் மட்டும்தான் பிம்பம் வந்து சமநிலையைக் குலைக்கிறது. மரப்பாச்சியின் கைகள் உடம்போடு ஒட்டியிருப்பதால் முக்கோணத்துக்கு வழியில்லை. அட்டையில் கை வெட்டி ஒட்டினேன், அசிங்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மேடைக்கு, குளியலறை வேலை முடிந்து மிச்சமான வெள்ளை டைல்ஸ் துண்டு. இரண்டு சோப்பு டப்பாக்கள் மேல் வைத்ததும் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பாட்டில்களுக்கு நகப்பூச்சுக் குப்பிகள். படத்தில் பச்சையாக ஒரு பாட்டில் இருக்கிறது, புதினா மது. அதற்குப் பச்சை நகப்பூச்சு கச்சிதம். தங்கக் காகிதம் சுற்றிய ஷாம்பெயின் பாட்டில்களுக்கு, சாக்லேட் காகிதம் சுற்றிய எசென்ஸ் குப்பிகள். இரண்டு பக்கமும் சிவப்பு முக்கோணம் ஒட்டிய பழுப்பு பாட்டில் வரும். அது இங்கிலாந்தின் பாஸ் பீர். அந்த முக்கோணம் 1876இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான வணிக முத்திரை. பாரிஸ் கடையில் ஜெர்மன் பீர் இல்லாமல் ஆங்கில பீர் ஏன் என்று கேட்டு, 1870–71 போரில் பிரான்ஸ் ஜெர்மானியர்களின் பிரஷ்யாவிடம் பட்ட அடியின் கசப்பை அதில் சிலர் படிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. கடையில் இருந்ததை வரைந்திருக்கலாம். ஆனால் ஒட்டுப் பொட்டை முக்கோணமாகக் கத்தரித்துக் குப்பியில் ஒட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் அந்தப் பெண்ணின் உருவமே ஒரு முக்கோணம். அந்த முத்திரையும் முக்கோணம். விற்கிற பாட்டிலுக்கும் விற்கிறவளுக்கும் ஒரே வடிவம். அது தற்செயலா என்று தெரியாது. தற்செயல் என்றாலும் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது.

இடது ஓரத்துப் பாட்டில் ஒன்றின் லேபிளில் ‘மானே 1882’ என்று எழுதியிருக்கிறது. ஓவியர் கையெழுத்தே சரக்கின் மேல்தான். நான் என் பெயரை எழுதலாமா என்று யோசித்து, வெட்கப்பட்டு, விட்டுவிட்டேன். கண்ணாடிக் கிண்ணத்தில் உள்ள கமலா ஆரஞ்சுக்குப் பதில் ஊறுகாய்க் கிண்ணத்தில் ஆரஞ்சு மிட்டாய். அந்தப் பழங்களை வைத்து அவள் மதுவோடு தன்னையும் விற்கிறவள் என்று சொல்கிற வாசிப்பு ஒன்று உண்டு. அந்தக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி அன்றைய பாரிஸில் அப்படித்தான் பேசினார்கள். இருக்கட்டும், நமக்குக் கண்ணாடிதான் கணக்கு.

கண்ணாடிக் கடையில் 2 அடிக்கு ஒன்றரை அடி, 4 மி.மீ. கண்ணாடி வெட்டி வாங்கினேன். “பீரோவுக்கா தம்பி?” என்றார் கடைக்காரர். பொம்மைக்கு என்றால் இன்னும் பத்துக் கேள்வி வரும். “ஆமாண்ணே, விளிம்பை மட்டும் தேய்ச்சுக் குடுங்க” என்று வாங்கி வந்தேன். அதன் அடி விளிம்பில் அம்மாவின் நைந்துபோன பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையை ஒரு செ.மீ. அகலத்தில் வெட்டி ஒட்டினேன். அதுதான் அந்தத் தங்கச் சட்டம். பின்னால் பார்க்கப்போவது போல, ஐந்து ரூபாய் பெறாத இந்த ஜரிகைதான் மொத்தச் சோதனைக்கும் நீதிபதி.

முதல் நாள் வீண். கண்ணாடியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்திருந்தேன். பிம்பப் பொம்மை குடித்தவள் மாதிரி பின்னால் சரிந்து நின்றது. கண்ணாடி 2 டிகிரி சாய்ந்தால் பிம்பம் 4 டிகிரி சாயும். இது தெரிந்தும் சோம்பேறித்தனம். மறுநாள் இரண்டு எல் ஆங்கிள் வைத்துப் பலகையில் திருகி, மூலைமட்டம் பிடித்து நேராக்கினேன். மேசையில் சார்ட் பேப்பர் விரித்து 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டேன். கேமராவின் லென்ஸ் பொம்மையின் கண் உயரத்துக்கு வரும்படி போனைப் புத்தகங்களின் மேல் நிறுத்தினேன்.

முதலில் நேருக்கு நேர். கண்ணாடியிலிருந்து பொம்மை 8 செ.மீ., போன் 60 செ.மீ. எதிர்பார்த்தபடியே பிம்பம் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கண்ணாடியில் தெரிந்தது என் போனும், அதற்குப் பின்னால் குனிந்திருந்த என் மூக்கும்தான். மானேயின் படத்தில் இந்த இடத்தில் ஓவியரும் இல்லை, நாமும் இல்லை.

அடுத்து எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி: கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிடுவது. திருப்பினேன். பிம்பம் வலப்பக்கம் நகர்ந்தது, சந்தோஷமாக இருந்தது. படத்தில் உள்ள அளவுக்கு நகர்த்த எவ்வளவு திருப்ப வேண்டியிருந்தது என்று கோணமானி வைத்துப் பார்த்தால் 10 டிகிரியைத் தாண்டிவிட்டது. அப்போதே ஜரிகை காட்டிக்கொடுத்தது. ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே, மேடையின் விளிம்புக்குச் சற்றும் இணையாக இல்லாமல் கோணலாக ஓடியது. மானேயின் தங்கச் சட்டம் மேடைக்கு இணையாக, நேர்கோடாக ஓடுகிறது. கண்ணாடி கோணலாக இருந்தது என்ற விளக்கம் என் வீட்டு மேசையில் அன்றோடு செத்தது.

மூன்றாவது வழி, கண்ணாடியை விட்டுவிட்டு நாம் நகர்வது. போனை வலப்பக்கம் 25 செ.மீ. தள்ளி வைத்துப் பொம்மையை நோக்கித் திருப்பினேன். பிம்பம் விலகியது. ஆனால் ஜரிகை மறுபடியும் கோணல்! பத்து நிமிடம் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் அலுவலகத்தில் தினமும் செய்கிற வேலை ஞாபகம் வந்தது. கட்டடத்தின் முகப்பைப் படம் எடுக்கும்போது கேமராவைச் சாய்த்தால் சுவர்கள் சரியும். சாய்க்காமல் நேராகப் பிடித்து, அகலமாக எடுத்து, வேண்டாத பக்கத்தை வெட்டிவிடுவோம். அதேதான் இங்கேயும். போனைப் பொம்மைப் பக்கம் திருப்பவே கூடாது. கண்ணாடிக்கு இணையாக, சுவரைப் பார்த்தபடியே வைத்து, 0.5 அகல லென்ஸில் எடுத்து, படத்தின் இடது பாதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும்.

எடுத்தேன், வெட்டினேன். ஜரிகை நேர்கோடு. பொம்மை நடுவில். பிம்பம் வலப்பக்கம், படத்தில் இருக்கிற அதே தூரத்தில். போனும் என் மூக்கும் காணோம்! அவை வெட்டி எறிந்த வலது பாதியோடு போய்விட்டன. ‘கண்ணாடியில் நாம் ஏன் தெரியவில்லை’ என்ற கேள்விக்கு விடை இவ்வளவுதான்: நாம் நின்ற இடத்துக்கு எதிரே கண்ணாடி இருந்தது, ஆனால் படத்தின் சட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இதில் தந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அதே 8 செ.மீ. தள்ளி இன்னொரு பொம்மை நிற்பதாக வைத்துக்கொண்டு, போனிலிருந்து இரண்டுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் எல்லாம் வந்துவிடும். பொம்மை என்னிடமிருந்து 52 செ.மீ. ஆழத்தில், பிம்பம் 68 செ.மீ. ஆழத்தில். ஆகவே பிம்பம் முக்கால் அளவு. படத்திலும் பிம்பம் நிஜத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

ஒரு குறை மட்டும் இருந்தது. பக்கத்திலிருந்து பார்ப்பதால் பொம்மை அரைப்பார்வையில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. ஸூஸோன் நேர்முகம். சரி என்று பொம்மையைப் பிடித்து போனைப் பார்க்கும்படி திருப்பினேன், கிட்டத்தட்ட 26 டிகிரி. திரையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பொம்மை என்னை நேராகப் பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்த அதன் முதுகோ நன்றாக வலப்பக்கம் திரும்பி, அங்கே யாரோ நிற்பதுபோல முகம் கொடுத்து நின்றது. படத்தில் எல்லோரும் குழம்புகிற அந்த இரண்டு பெண்கள், முன்னால் உறைந்து நிற்கிறவளும் கண்ணாடியில் சாய்ந்து பேசுகிறவளும், ஒரே திருப்பத்தில் கிடைத்துவிட்டார்கள். நான் யாரையும் வலப்பக்கம் நிறுத்தவே இல்லை. அவள் என்னைப் பார்க்கத் திரும்பியதுதான் கண்ணாடிக்குள் இன்னொருவனிடம் திரும்பியதாகத் தெரிகிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையையும் புதிர்ப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடிக் கணக்கு அவளுக்கு எடுபடவில்லை.

“டேய், இந்தப் பொண்ணுக்கு கால் கடுக்குதுடா. கைய ஊணிருக்கா பாரு, எடையைக் கையில போட்டு நிக்கிறா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நாங்க எல்லாம் இப்படித்தான் நிப்போம்.”

அம்மா 11 வருடம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவள். உட்கார நாற்காலி கிடையாது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். அதற்குள் அவள் முழங்கால் போய், வேலையையும் விட்டிருந்தாள். ஸூஸோனின் முகத்தில் இருப்பது வெறுமையா, சோகமா, நவீன வாழ்வின் தனிமையா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அம்மா சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் கைகள் முக்கோணத்துக்காக மட்டும் அங்கே இல்லை. படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் அவள் கைகளை வயிற்றுக்கு முன்னால் குறுக்காக வைத்திருந்ததாகத்தான் மானே வரைந்திருந்தது தெரிந்திருக்கிறது. பிறகுதான் மேடையில் ஊன்ற வைத்திருக்கிறார். அதே எக்ஸ்ரேயில் இன்னொன்றும் தெரிந்தது: பிம்பம் முதலில் அவளுக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது; வேலை நடக்க நடக்க அதை வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். நான் போனைத் தள்ளித் தள்ளி வைத்த மாதிரி.

மானே இதை அந்த அரங்கில் உட்கார்ந்து வரையவில்லை. அங்கே குறிப்புப் படங்கள் எடுத்துக்கொண்டு, தன் பட்டறையில் மேசை போட்டு, பாட்டில் அடுக்கி, ஸூஸோனை வரவழைத்து நிற்க வைத்தார். அப்போதே நோய் முற்றி, நிற்க முடியாத நிலை. 1883 ஏப்ரலில், ஒரு காலை எடுத்த சில நாட்களில், 51 வயதில் இறந்துபோனார். இதுதான் அவருடைய கடைசிப் பெரிய படம். பட்டறைக்குப் போய் இதை வரைவதை நேரில் பார்த்த ஜார்ஜ் ழானியோ என்ற ஓவியர், எதிரே ஆளை நிறுத்தி வரைந்தாலும் மானே கண்ணால் கண்டதை அப்படியே நகலெடுக்கவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அடுத்த கட்டத்தில் எனக்கு இந்தக் குறிப்பு உதவியது.

அடுத்த கட்டம் அந்த ஆள்.

ஆண் மரப்பாச்சிக்கு எண்ணெய்ப் பாட்டிலின் கறுப்பு மூடியைத் தொப்பியாகக் கவிழ்த்தேன். நன்றாகவே இருந்தது. அதை மேடையை ஒட்டி, பெண் பொம்மைக்கு நேர் எதிரே, கண்ணாடியிலிருந்து 20 செ.மீ.யில் வைத்தேன். கண்ணாடிக்குள் சரியான இடத்தில் வந்து நின்றான், அவள் பிம்பத்துக்குச் சற்று வலப்பக்கம். ஆனால் நேரில் அவனுடைய முதுகும் சட்டத்துக்குள் வந்து, பெண்ணின் தோளையும் இடப்பக்கப் பாட்டில்களையும் மறைத்தது. 1882இல் பாரிஸின் ஒரு நகைச்சுவைப் பத்திரிகையில் ஸ்டாப் என்ற கேலிச்சித்திரக்காரர் இதையேதான் செய்தார். விட்டுப்போன ஆளை மேடைக்கு முன்னால் முதுகு காட்டி வரைந்து, மானேயின் தவறைத் திருத்தியதாகக் கிண்டல் செய்தார்.

அவனைப் பின்னால் இழுத்தேன். 22, 24, 26. இழுக்க இழுக்க நேர் உருவம் இடது ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியில் உள்ள இடம் மாறாமலிருக்க ஒவ்வொரு முறையும் அவனைக் கொஞ்சம் இடப்பக்கமும் நகர்த்த வேண்டியிருந்தது. 30 செ.மீ.யில் தொப்பியின் கடைசி நுனியும் சட்டத்தை விட்டு வெளியேறியது. கண்ணாடிக்குள் மட்டும் அவன் இருக்கிறான், அவள் பிம்பத்தோடு முகத்துக்கு முகம். நேரில் எங்கேயும் இல்லை. மானேயின் படம்!

இப்போது மேசையை மேலிருந்து பார்த்தேன். பெண் பொம்மைக்கும் அவனுக்கும் இடையே 22 செ.மீ. ஏழால் பெருக்கினால் ஒன்றரை மீட்டர். காதோரம் பேசுகிற தூரமே இல்லை; அவன் மேடையை விட்டு விலகி எங்கேயோ நிற்கிறான், அவள் அவனைப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியில் இரண்டு பிம்பங்கள் நெருங்கித் தெரிவதுதான் ‘உரையாடல்’. இதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால் ஆஸ்திரேலியாவில் மால்கம் பார்க் என்ற ஆய்வாளர் 2000இலேயே நிஜ ஆட்களையும் நிஜ மேடையையும் வைத்து முழு அளவில் இதைக் கட்டிப் படம் எடுத்துவிட்டார். பார்ப்பவர் வலப்பக்கம் விலகி நிற்கிறார், ஆள் இடது ஓரத்துக்கு வெளியே நிற்கிறான், இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் அவருடைய முடிவும். மரப்பாச்சி மட்டும்தான் என்னுடையது.

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. இடம் பொருந்துகிறது, அளவு பொருந்தவில்லை. 30 செ.மீ.யில் நிற்பவனின் பிம்பம் போனிலிருந்து 90 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது, அவளுடைய பிம்பம் 68. எனவே அவன் அவளுடைய பிம்பத்திலும் முக்கால்தான் தெரிவான், முக்காலில் முக்கால். என் படத்தில் தொப்பிக்காரன் சின்னப் பையன் மாதிரி நிற்கிறான். மானேயின் படத்தில் அவன் முகம் அவள் பிம்பத்தின் தலைக்குக் குறையாத அளவில், அதற்கு மேலே உயர்ந்து, வலது மேல் மூலையை அடைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் பெரிதாக்க முன்னால் தள்ளினால் நேரில் வந்து மறைக்கிறான். நேரில் மறைந்தால் போதும் என்று பின்னால் தள்ளினால் கண்ணாடியில் சிறுத்துவிடுகிறான். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்குமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தினேன். இல்லை.

1881இல் மானே எண்ணெய் வண்ணத்தில் போட்ட முன்வரைவு ஒன்று உண்டு. அதில் ஆள் வலது ஓரத்தில் கீழே, சிறியவனாகத்தான் நிற்கிறான், கையில் தடியோடு. கண்ணாடி விதிப்படி என்ன வருமோ ஏறத்தாழ அது. பெரிய படத்துக்கு வந்தபோது அவனைத் தூக்கி மேலே வைத்து, பெரிதாக்கி, முகத்துக்கு முகம் கொண்டுவந்திருக்கிறார். ஆகவே தெரியாமல் செய்ததாகத் தோன்றவில்லை. பிம்பத்தை எங்கே வைப்பது என்பதில் கண்ணாடியின் பேச்சைக் கேட்டிருக்கிறார். ஆள் எவ்வளவு பெரியவன் என்பதில் கேட்கவில்லை. இடப்பக்கப் பாட்டில்களும் அப்படித்தான். மேடையில் நிற்கிற வரிசையும் கண்ணாடியில் தெரிகிற வரிசையும் ஒத்துப்போகாது. நகப்பூச்சுக் குப்பிகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் எனக்கு வரவில்லை.

அந்த ஆள் எவ்வளவு உயரம் இருந்தால் கணக்கு சரியாக வரும் என்று போட்டுப் பார்த்தேன். 90ஐ 68ஆல் வகுத்தால் 1.32. அவள் ஐந்தே கால் அடி என்றால், தலைக்குத் தலை சமமாகவே அவன் ஏறத்தாழ 7 அடி. மரப்பாச்சிக் கணக்கில் 9 அங்குலம் 12 அங்குலமாக வேண்டும்.

12 அங்குலத்தில் கொலுப் பெட்டியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். தொப்பி, மீசை, கையில் லத்தி, காகிதக்கூழ் போலீஸ்காரர். அவரைக் கொண்டுவந்து 30 செ.மீ. கோட்டில் நிறுத்தி, லத்தி சட்டத்துக்குள் எட்டிப் பார்க்காதபடி கொஞ்சம் திருப்பி, படம் எடுத்து, வெட்டினேன். கச்சிதம். மூலையை அடைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு எதிரே முகம் வைத்து நின்றார்.

அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இப்ப சரியாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா அவ என்னடா தப்பு பண்ணா?”